கணினி பழுதுபட்டால் என்ன செய்வது? லினக்ஸ் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தைச் சேர்ந்த செடெனாக், தோட்டத் தொழிலால் வளர்ந்த ஊராகும். அண்மை ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் ஒரு புதிய தொழிலும் காலூன்றியுள்ளது. ஜொகூர் கார்ப்பரேஷனின் குழுமத்தைச் சேர்ந்த ஜேலேண்ட் நிறுவனம் அங்கே சுமார் 700 ஏக்கர் பரப்பில் செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவை அமைத்துள்ளது. அப்பூங்காவில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே கூரையின் கீழ் வைத்து, இரவும் பகலும் ஓயாது இயக்கும் ஆலையாகும். நாம் கைப்பேசியில் அனுப்பும் படமும், வங்கிக்குச் செலுத்தும் பணத்தின் கணக்கும் இத்தகைய மையங்களின் வழியாகவே சென்று வருகின்றன.

இம்மையங்களில் உள்ள கணினிகளுள் மிகப் பல, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டு இயங்குபவை. 2017 ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பட்டியல் முதற்கொண்டு, உலகின் மிக வேகமான 500 கணினிகளும் லினக்ஸ் கொண்டே இயங்குகின்றன. நம் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் அதுவேயாகும்.

இதே லினக்ஸ் இப்பொழுது தோட்ட வீடுகளுக்கும் வரத் தொடங்கியுள்ளது. அதற்குத் தக்க காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாளன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. புதிய கணினி வாங்க வசதியில்லாத குடும்பங்கள், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸைப் பழைய கணினியில் அமைத்துக்கொண்டு பிள்ளைகளின் படிப்பைத் தொடரலாம்.

ஆனால், எந்த இயந்திரமும் ஒரு நாள் பழுதுபடும். அவ்வேளையில் இரண்டு தவறுகள் பரவலாக நேர்கின்றன. சிலர், “இது உதவாது” என்று முடிவு கட்டிக் கணினியைப் பழைய சாமான் வாங்குவோரிடம் கொடுத்துவிடுகின்றனர். வேறு சிலர், உள்ளே இருப்பவை அனைத்தையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டுவிடுகின்றனர். முன்னதில் பணம் போகிறது. பின்னதில் பிள்ளையின் பாடக் குறிப்புகளும், குடும்பப் படங்களும், சேமநிதி, பிறப்புப் பத்திரம் போன்றவற்றின் நகல்களும் போய்விடுகின்றன. இவ்விரண்டும் பெரும்பாலும் தவிர்க்கக் கூடியவை. பழுது எங்கே இருக்கிறது என்பதை முறையாகத் தேடினால் போதும். அம்முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லினக்ஸ் என்பது யாது?

கணினியில் இரண்டு பகுதிகள் உண்டு. கையால் தொடக்கூடிய திரை, விசைப்பலகை, வன்தட்டு, கம்பிகள் ஆகியவை வன்பொருள். அவற்றுக்கு வேலை சொல்லும் கட்டளைத் தொகுதிகள் மென்பொருள். மென்பொருள்களுள் தலையாயது இயங்குதளம். காலையில் பிரட்டுக் களத்தில் யார் எந்த நிரைக்குப் போக வேண்டும் என்று வேலையைப் பகிர்ந்தளிப்பது போல, இயங்குதளமும் கணினியின் உறுப்புகளுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கின்றது.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21 ஆம் வயதில், 1991 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 ஆம் நாளன்று, தாம் ஓர் இயங்குதளத்தை எழுதி வருவதாக அறிவித்தார். அதுவே பின்னர் லினக்ஸ் என்று பெயர் பெற்றது. அதற்கு முன்னரே, 1983 ஆம் ஆண்டில், அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்களை உருவாக்கும் ‘குனூ’ திட்டத்தைத் தொடங்கியிருந்தார். இவ்விரண்டும் இணைந்தே இன்று நாம் காணும் லினக்ஸ் அமைப்புகள் உருவாயின. 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த உபுண்டுவும், 2006 ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் மின்ட்டும் வீட்டுப் பயனுக்கு ஏற்றவை.

இத்தகைய மென்பொருளைத் ‘திறந்த மூல மென்பொருள்’ என்பர். அதாவது, அது எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பது மறைக்கப்படுவதில்லை. நம் நாட்டு அரசாங்கமும் 2004 ஆம் ஆண்டில் மாம்பூ நிறுவனத்தின் வாயிலாகப் பொதுத் துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தைத் தொடங்கியது.

பழுது பார்ப்போருக்கு இத்திறந்த தன்மையால் ஒரு பெரும் நன்மை உண்டு. லினக்ஸ், தான் செய்யும் பல வேலைகளையும், தனக்கு நேரும் பல இடையூறுகளையும் நாட்குறிப்பைப் போல எழுதி வைக்கின்றது. அக்குறிப்பைக் கணினியின் உரிமையாளர் எந்நேரமும் திறந்து படிக்கலாம்.

முதற் கடமை: இருப்பதைக் காப்பது

பழுது பார்க்கத் தொடங்கும் முன், கணினியில் உள்ள முக்கியமான கோப்புகளுக்கு மறுபடி எடுத்து வைத்தல் வேண்டும். கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அவற்றை ஒரு விரலியில் உடனே படியெடுத்துவிடுங்கள். கணினி தொடங்காவிட்டாலும் கவலை வேண்டா. கீழே கூறப்படும் விரலிச் சோதனையின்போது அவற்றைப் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம்.

இரண்டாவதாக, ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பழுது எப்பொழுது தொடங்கியது, அதற்கு முன் என்ன மாற்றம் செய்யப்பட்டது, திரையில் என்ன சொற்கள் தோன்றின என்பவற்றை எழுதுங்கள். சொற்களை எழுத முடியாவிட்டால் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒரு தடவையில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதன் பலனையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்களைச் செய்தால், கணினி சீரானாலும் எதனால் சீரானது என்பது தெரியாது. சீராகாவிட்டால் எதனால் மேலும் கெட்டது என்பதும் தெரியாது.

வெளியிலிருந்து உள்ளே செல்க

ஒரு மரத்தில் பால் குறைந்தால், தேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி உடனே கோடரியைத் தேடுவதில்லை. மங்கு சாய்ந்திருக்கிறதா, பால் வழி தவறி ஓடுகிறதா, மழை நீர் இறங்கியதா என்று முதலில் பார்க்கிறார். அதன் பின்னரே வெட்டுப்பட்டை வறண்டுள்ளதா என்று ஆராய்கிறார். எளிதாகப் பார்க்கக் கூடியதை முதலிலும், கடினமானதைப் பின்னரும் பார்ப்பதே அதன் முறை. கணினிக்கும் இம்முறையே ஏற்றது.

(1) மின்சாரம்: கணினியில் விளக்கே எரியவில்லையாயின், முதலில் சுவரில் உள்ள மின்துளையைச் சோதியுங்கள். ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அடுத்து மின்கம்பியையும், மடிக்கணினியாயின் மின்னூட்டியையும் மாற்றிப் பாருங்கள். நம் நாட்டில் இடியும் மின்னலும் மிகுதி. மின்னலால் கெடும் கணினிகள் பல, சுவிட்சை அணைத்திருந்தும் செருகியை எடுக்காமையால் கெட்டவையாகும். இடி இடிக்கும்போது மின்செருகியைக் கழற்றுவதோடு, இணையக் கம்பியையும் கழற்றிவிடுதல் நன்று.

(2) உடன் இணைந்தவை: அச்சுப்பொறி, விரலி, கூடுதல் விசைப்பலகை ஆகிய அனைத்தையும் கழற்றிவிட்டுக் கணினியை மட்டும் தொடக்கிப் பாருங்கள். கழற்றியபின் கணினி சரியாகத் தொடங்கினால், ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்துப் பழுதுள்ளதைக் கண்டுபிடிக்கலாம்.

(3) ஒலியும் திரையும்: விசிறி சுழல்கிறது, ஆனால் திரையில் எதுவும் தோன்றவில்லை எனில், திரையின் கம்பியையும், பின்னர் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தையும் ஐயுற வேண்டும். சில கணினிகள் இவ்வேளையில் ‘பீப்’ என்னும் ஒலியைப் பல முறை எழுப்பும். எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அவ்வெண்ணிக்கைக்கான பொருள் கணினியின் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். மேசைக் கணினியாயின், மின்செருகியைக் கழற்றி, கையால் ஓர் இரும்புப் பொருளைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கியபின், ரேம் பலகையைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகினால் பல வேளைகளில் கணினி விழித்துக்கொள்ளும். நமது ஈரமான வானிலையில் அதன் இணைப்பு முனைகளில் படலம் படிவதுண்டு.

(4) வெப்பமும் தூசியும்: கணினி சிறிது நேரம் ஓடித் தானாகவே அணைந்துவிட்டால், வெப்பமே காரணமாக இருக்கலாம். விசிறியின் வழியில் தூசியும், சில வீடுகளில் எறும்புகளும் பல்லி முட்டைகளும் அடைத்துக்கொண்டிருக்கும். கணினியை அணைத்து, மென்மையான தூரிகையால் அவற்றை அகற்றுங்கள். மடிக்கணினியை மெத்தையின் மேல் வைத்துப் பயன்படுத்தினால் அதன் மூச்சுத் துளைகள் அடைபடும்.

(5) கடிகாரம்: கணினியைத் தொடக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தால், உள்ளே உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது என்பது பொருள். இது சிறு பழுதாயினும் பெரிய குழப்பத்தை விளைவிக்கும். தேதி தவறாக இருந்தால், வங்கி, பள்ளி போன்றவற்றின் பாதுகாப்பான இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும். இணையம் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் இணைய நிறுவனத்தை அழைக்கின்றனர். உண்மையில் சில வெள்ளி விலையுள்ள ஒரு மின்கலமே தேவையாகும்.

விரலிச் சோதனை

வன்பொருளில் பழுதா, மென்பொருளில் பழுதா என்று பிரித்தறிய லினக்ஸில் மிகச் சிறந்த ஒரு வழி உண்டு. உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவற்றை 8 கிகாபைட் கொள்ளளவுள்ள ஒரு விரலியில் எழுதி வைத்துக்கொள்ளலாம். கணினியின் வன்தட்டைத் தொடாமல், அவ்விரலியிலிருந்தே முழு இயங்குதளத்தையும் இயக்கலாம். இதனை ‘லைவ்’ முறை என்பர். கணினி நன்றாக இருக்கும் காலத்திலேயே இவ்விரலியை ஆயத்தம் செய்து வைத்தல் அறிவுடைமையாகும். இணையத்திலிருந்து இறக்கும் கோப்பு பெரியதாகையால், வீட்டில் வசதியில்லாதோர் ‘நாடி’ எனப்படும் அரசாங்க இணைய மையத்தில் உதவி கேட்கலாம்.

விரலியிலிருந்து தொடக்கும்போது பழுது மறைந்துவிட்டால், திரை, ரேம், வை-ஃபை ஆகியவை நலமாக உள்ளன எனலாம். அப்பொழுது பழுது வன்தட்டிலோ, அதில் உள்ள மென்பொருளிலோ இருக்கின்றது. விரலியிலும் அதே பழுது தொடர்ந்தால், ஏதோ ஒரு வன்பொருள் கெட்டுள்ளது, அல்லது அவ்வன்பொருளை இயக்கும் மென்பொருள் லினக்ஸில் இல்லை என்று கொள்ளலாம். இவ்வொரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விரலி தொடங்கியதும், “பரிசோதித்துப் பார்க்கிறீர்களா, நிறுவுகிறீர்களா?” என்னும் பொருள்பட ஒரு கேள்வி தோன்றலாம். பரிசோதிப்பதை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். வன்தட்டை அழிக்கவா என்று கேட்கும் எந்தக் கேள்விக்கும், படியெடுக்காத நிலையில், சம்மதம் தரக் கூடாது. கடவுச்சொல்லால் பூட்டப்படாத வன்தட்டாயின், இதே முறையில் அதனைத் திறந்து கோப்புகளை வேறொரு விரலிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கணினியின் நாட்குறிப்பைப் படித்தல்

லினக்ஸில் ‘டெர்மினல்’ என்னும் கறுப்புப் பலகை ஒன்று உண்டு. அதில் கட்டளைகளை எழுத்தால் இட வேண்டும். பார்க்க அச்சமூட்டுவதாகத் தோன்றினாலும், மூன்று கட்டளைகள் தெரிந்தால் பெரும்பான்மையான பழுதுகளின் வேரைக் காணலாம். இவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எழுத வேண்டும். இம்மூன்றும் கணினியில் எதையும் மாற்றுவதில்லை. பார்ப்பதற்கு மட்டுமே உதவுகின்றன.

முதலாவது, எஸ்-யூ-டி-ஓ என எழுதி, ஓர் இடம் விட்டு, டி-எம்-ஈ-எஸ்-ஜி என எழுதுவது. இது நாட்குறிப்பைத் திறக்கும். கடவுச்சொல்லைக் கேட்கும்போது அதனை எழுதுங்கள். எழுதும்போது திரையில் ஒன்றும் தோன்றாது. அது பழுதன்று. பிறர் பார்க்கக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடாகும். நாட்குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். அனைத்தையும் படிக்க வேண்டுவதில்லை. ‘எரர்’, ‘ஃபெயில்ட்’ என்னும் சொற்கள் உள்ள வரிகளை மட்டும் தேடுங்கள். பொதுவாக முதலில் தோன்றும் பிழையே வேராகவும், அதன் பின் வருபவை அதன் கிளைகளாகவும் இருக்கும். ‘ஐ-ஓ எரர்’ என்ற சொல் வன்தட்டின் பெயரோடு திரும்பத் திரும்ப வந்தால், வன்தட்டு சாகும் தறுவாயில் இருக்கலாம். வேறு வேலைகளை நிறுத்திவிட்டுக் கோப்புகளை உடனே படியெடுக்க வேண்டும். ‘அவுட் ஆஃப் மெமரி’ என்றிருந்தால் ரேம் போதவில்லை. ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லோடு ‘ஃபெயில்ட்’ என்றிருந்தால், ஏதோ ஓர் உறுப்புக்கு வேண்டிய துணைக் கோப்பு கிடைக்கவில்லை.

இரண்டாவது, டி-எஃப் என எழுதி, ஓர் இடம் விட்டு, சிறு கோடும் எச் எழுத்தும் இடுவது. வன்தட்டின் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு இடம் நிறைந்துள்ளது என்பதை இது விழுக்காட்டில் காட்டும். சாய்கோடு மட்டும் உள்ள வரியில் 100 விழுக்காடு என்றிருந்தால், அதுவே பழுது. வன்தட்டு நிரம்பிவிட்டால், கடவுச்சொல் சரியாக இருந்தும் கணினி உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும். குப்பைத் தொட்டியைக் காலி செய்து, பெரிய காணொளிகளை வேறிடத்திற்கு மாற்றினால் கணினி மீண்டும் இயங்கும்.

மூன்றாவது, எல்-எஸ்-யூ-எஸ்-பி. யூ-எஸ்-பி வழியாக இணைந்துள்ள பொருள்களை இது வரிசைப்படுத்திக் காட்டும். அச்சுப்பொறி வேலை செய்யவில்லை எனில், அதன் பெயர் இப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லையேல் கம்பி, துளை, அல்லது அச்சுப்பொறியே பழுது. பெயர் இருந்தும் அச்சிடவில்லையேல் மென்பொருளில் பழுது இருக்கலாம்.

அடிக்கடி நேரும் மென்பொருள் பழுதுகள்

புதுப்பித்தபின் திரை கறுப்பாவது: இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் கணினி தொடங்காமல் போகலாம். உபுண்டு போன்ற அமைப்புகள், புதிய மையப் பகுதியை இடும்போது, பழையதையும் காத்து வைக்கின்றன. கணினி தொடங்கும்போது ‘ஷிஃப்ட்’ அல்லது ‘எஸ்கேப்’ விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ என்பதன் கீழ், முந்தைய எண்ணைத் தேர்ந்தெடுத்தால், நேற்றிருந்த கணினி திரும்ப வரும். பின்னர் வரும் அடுத்த புதுப்பிப்பில் அப்பிழை திருத்தப்பட்டிருக்கலாம்.

புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைபடுவது: வேலை பாதியில் நின்றதால், புதிய மென்பொருள் எதனையும் நிறுவ முடியாமல் போகும். உபுண்டுவில் அதே பட்டியலில் ‘ரிகவரி மோட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், பழுது நீக்கும் வசதிகள் தோன்றும். ‘டீ-பீ-கே-ஜி’ என்பது பாதியில் நின்ற நிறுவலைச் சீர்செய்யும். ‘எஃப்-எஸ்-சி-கே’ என்பது வன்தட்டின் கோப்பு அமைப்பைச் சோதிக்கும். ‘கிளீன்’ என்பது இடத்தைக் காலி செய்ய முயலும்.

வை-ஃபை தெரியாமல் போவது: சில வை-ஃபை சில்லுகளுக்கு வேண்டிய துணைக் கோப்புகள் இயங்குதளத்தோடு வருவதில்லை. அவற்றை இறக்க இணையம் வேண்டும், ஆனால் இணையமோ இல்லை என்ற சிக்கல் எழும். கைப்பேசியை யூ-எஸ்-பி கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசியில் ‘டெதரிங்’ வசதியைத் திறந்தால் கணினிக்கு இணையம் கிடைக்கும். அதனைக் கொண்டு வேண்டிய கோப்பை நிறுவிக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தோன்றுவது: இது கணினியின் பழுதன்று. தமிழ் எழுத்துரு அதில் இல்லை என்பதே பொருள். ‘லோகித்’ அல்லது ‘நோட்டோ’ என்னும் பெயருள்ள தமிழ் எழுத்துருவை நிறுவினால் எழுத்துகள் செம்மையாகத் தோன்றும். தட்டச்சுக்குத் தமிழக அரசு 1999 ஆம் ஆண்டில் ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகை முறை லினக்ஸில் உண்டு. தமிழைக் கணினியில் ஏற்றும் பணியில் மலேசியருக்குப் பெரும் பங்குண்டு. முத்து நெடுமாறன் 1985 ஆம் ஆண்டில் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளைத் தொடங்கினார். 2001 ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

அரை வினாடியில் கண்ட ஆபத்து

சிறு மாற்றத்தையும் அலட்சியம் செய்யாமல் வேரைத் தேடுவதால் விளையும் பயனுக்கு, 2024 ஆம் ஆண்டில் உலகமே வியந்த ஒரு சான்று உண்டு.

தொலைவிலுள்ள லினக்ஸ் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கு ‘எஸ்-எஸ்-எச்’ என்னும் மென்பொருள் பயன்படுகின்றது. தரவு மையங்களை நிருவகிப்போர் நாள்தோறும் பயன்படுத்துவது இது. ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், டெபியன் என்னும் லினக்ஸ் அமைப்பின் இன்னும் நிலைப்படாத பதிப்பில் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தார். எஸ்-எஸ்-எச் வழி உள்ளே நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாக ஆவதை அவர் கவனித்தார். அரை வினாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. எந்தப் பகுதி நேரத்தை விழுங்குகிறது என்று படிப்படியாக அளந்து சென்றார்.

அத்தேடல், கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்-இசட்’ என்னும் சிறு மென்பொருளில் போய் முடிந்தது. அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், பிறருடைய கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு கள்ளவழி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அம்மென்பொருளைப் பராமரிக்க உதவுவதாக வந்து, ஈராண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைப் பெற்ற ஒருவரின் பெயரிலேயே அது உள்ளே வந்திருந்தது. ஃபிராயிண்ட் 2024 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆம் நாளன்று இதனை உலகறியச் செய்தார். அப்பதிப்புகள் பெரும்பாலான கணினிகளைச் சென்றடையும் முன்னரே திரும்பப் பெறப்பட்டன.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. மென்பொருள் திறந்ததாக இருப்பதனால் மட்டும் அது தூய்மையானதாகிவிடாது. ஊன்றிப் பார்ப்பவர் ஒருவராவது வேண்டும். அவ்வாறு பார்ப்பவர் வந்துவிட்டால், வேர் வரை தோண்டிப் பார்க்க அவருக்கு வழி திறந்திருக்கும் என்பது மற்றோர் உண்மை.

செய்யத் தகாதவை

அறிமுகமற்றோர் எழுதிய கட்டளைகளை, அவை என்ன செய்யும் என்று அறியாமல் டெர்மினலில் இடக் கூடாது. குறிப்பாக, ‘சூடோ’ என்ற சொல்லில் தொடங்கும் கட்டளைகள் கணினியின் முழு அதிகாரத்தோடு செயற்படுபவை. ஒரே வரியில் அனைத்தையும் அழிக்கும் கட்டளைகளும் அவற்றுள் உண்டு.

மேசைக் கணினியின் மின்வழங்கிப் பெட்டியை எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. செருகியை எடுத்தபின்னும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தால் அதனை அழுத்தவோ துளைக்கவோ கூடாது. அது தீப்பற்றக் கூடும். கருகிய நாற்றம் வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். வன்தட்டு ‘டிக், டிக்’ என்று ஒலித்தால் அதனை மேலும் இயக்காதீர்கள்.

இத்தகைய வேளைகளில் தொழில்நுட்பரிடம் செல்வதே முறை. செல்லும்போது உங்கள் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். என்ன பழுது, எந்த உறுப்பை மாற்ற வேண்டும், கோப்புகள் அழியாமல் வேலை செய்ய முடியுமா என்னும் மூன்று கேள்விகளையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாற்றிய பழைய உறுப்பைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எதையும் எழுதி வைத்துக் கேட்கும் வாடிக்கையாளரிடம் தேவையற்ற செலவைச் சுமத்துவது எளிதன்று.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

தரவு மையங்கள் வந்துவிட்டதால் தோட்டப் பிள்ளைகள் அனைவருக்கும் அங்கே வேலை கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. கட்டி முடித்து இயங்கத் தொடங்கிய தரவு மையத்திற்கு வேண்டிய ஆட்களின் தொகை சிறியதே. ஆனால், அச்சிறு தொகையினரும் மின்சாரம், குளிரூட்டல், லினக்ஸ் ஆகியவற்றுள் ஒன்றையாவது அறிந்தவர்களாக இருத்தல் வேண்டும். நள்ளிரவில் ஒரு கணினி நின்றுவிட்டால், பதற்றமின்றி நாட்குறிப்பைப் படித்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, செய்ததை எழுதி வைக்கத் தெரிந்தவரையே அவ்வேலை வேண்டி நிற்கின்றது. இதே ஆற்றலைக் கடையிலும், பள்ளியிலும், மருத்துவமனையிலும், தோட்ட அலுவலகத்திலும் உள்ள கணினிகளும் வேண்டி நிற்கின்றன.

ஐந்தாம் படிவத்தை முடித்த பிள்ளைகள், மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிற்பயிற்சிக் கழகங்களில் இத்துறைப் பயிற்சிகளைப் பற்றி விசாரிக்கலாம். மலேசியத் திறன் சான்றிதழில் கணினித் துறைக்கும் இடமுண்டு. அதற்கு முன்பே தொடங்க விரும்புவோருக்கு, வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினியே போதுமான பள்ளிக்கூடமாகும். அதில் காக்க வேண்டிய கோப்புகளைப் படியெடுத்துவிட்டு, பிள்ளையிடம் ஒப்படையுங்கள். கழற்றட்டும், மாட்டட்டும், லினக்ஸை நிறுவட்டும், அது நின்றுபோனால் ஏன் நின்றது என்று தேடட்டும். கண்டுபிடித்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, வாரம் ஒரு முறை அதனை வாங்கிப் பாருங்கள். உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. “முதலில் எதைப் பார்த்தாய்? அடுத்து எதை மாற்றினாய்?” என்று கேட்பதற்குப் பல்லாண்டுகள் மரத்தைப் பார்த்துப் பழகிய உங்கள் அனுபவமே போதுமானதாகும்.